ஐடிஐ டிரேடு கிளாஸ்லயே வாசிப்பும் கணக்கும் சொல்லிக்குடுக்கறது எப்படி, அத மதிப்பிடறது எப்படி

ஐடிஐல பாடம் எடுக்கற இன்ஸ்ட்ரக்டர்களுக்கும், ஷார்ட் டேர்ம் கோர்ஸ்லயோ கம்பெனி டிரெய்னிங் சென்டர்லயோ புதுசா டிரெய்னரா சேர்ந்தவங்களுக்கும் இத எழுதறேன். வெல்டர், வயர்மேன் டிரேடுக்கு எட்டாவது பாஸ் போதும், ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியனுக்கு பத்தாவது வேணும். ஆனா மார்க் ஷீட்ல என்ன இருக்கு, பெஞ்ச் முன்னாடி வந்து நிக்கற பையனால நெஜமா என்ன வாசிக்க முடியும், என்ன கணக்கு போட முடியும், இது ரெண்டும் வேற வேறன்னு மொத வாரத்துலயே தெரிஞ்சிடும். ஃபைல் புடிக்கற கை அருமையா ஓடும், ஆனா டிராயிங்ல பிளஸ் மைனஸ் 0.04ன்னு போட்டிருந்தா அது எவ்ளோன்னு தெரியாது, தெரியலன்னு சொல்லவும் மாட்டான், பக்கத்து பெஞ்ச பாத்து அதே மாதிரி பண்ணிட்டு போயிடுவான். உடனே "இவனுக்கு படிப்பு ஏறாது, கைவேலை மட்டும்தான்"னு முத்திரை குத்திடறாங்க. எங்கயோ ஒரு படி விட்டுப்போயிருக்கு, அது எந்தப் படின்னு பள்ளிக்கூடத்துல யாரும் தேடிப் பாக்கல, அவ்ளோதான் விஷயம். அத தேடிப் பாக்கறதுக்கு பட்டறைய விட நல்ல எடம் கிடையாது, ஏன்னா இங்க ஒவ்வொரு கணக்கும் கைல புடிக்கற ஒரு பொருளா வந்து நிக்குது.

அடிப்படைத் திறன்னு எதயெல்லாம் சொல்றோம்னா, ஆஸ்திரேலியால இதுக்குன்னே ஒரு சட்டகம் வெச்சிருக்காங்க, அதுல அஞ்சு இருக்கு: கத்துக்கற பழக்கம், வாசிப்பு, எழுத்து, பேச்சு (கேட்டு புரிஞ்சுக்கறதும் இதுல சேரும்), கணக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நிலை உண்டு. நம்ம சிலபஸ்ல இதெல்லாம் இல்லாம இல்ல, ஒர்க்‌ஷாப் கால்குலேஷன், இன்ஜினியரிங் டிராயிங், எம்ப்ளாயபிலிட்டி ஸ்கில்ஸ்னு தனித்தனி பகுதியா பிரிஞ்சு கெடக்கு, பல எடத்துல தனித்தனி வாத்தியார் எடுக்கறாங்க, அதனால ஒரு பையனுக்கு தசமப்புள்ளி வரலன்னா அது யாரோட பொறுப்புன்னு யாருக்கும் தெரியாது. என்னோட உறுதியான கருத்து, அது டிரேடு இன்ஸ்ட்ரக்டரோட பொறுப்புதான். அவர்தான் அந்தப் பையன் கூட நாள் பூரா இருக்கார், அந்தக் கணக்கு எந்த ஜாப்ல (பட்டறைல செய்யற பயிற்சி வேலைல) வருதுன்னு அவருக்குத்தான் தெரியும்.

மொதல்ல டிரேடப் பாருங்க, பையன அப்புறம் பாக்கலாம்

ஒரு ஜாப எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு ஒரு எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட்ல எம்10 டேப் போடற ஜாப், அதாவது 10 மிமீ போல்ட்டுக்கு ஓட்டைக்குள்ள மரை வெட்டறது. அத ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் நீங்களே செஞ்சுக்கிட்டே, எங்கெங்க வாசிக்கறோம், எங்க எழுதறோம், எங்க கணக்கு போடறோம், எங்க வாய் திறந்து பேசியாகணும்னு ஒரு பேப்பர்ல குறிச்சிக்கிட்டே போங்க. டிராயிங்ல அளவையும் டாலரன்ஸையும் (அளவு எவ்ளோ கூடக் கொறைய இருக்கலாம்ங்கறது) வாசிக்கணும். டிரில் சைஸ் கண்டுபிடிக்கணும், அதாவது விட்டத்துல இருந்து பிட்ச்ச (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவுல இருக்கற தூரம்) கழிக்கணும், 10ல இருந்து 1.5 போனா 8.5 மிமீ. அப்புறம் ஸ்பீடு, கட்டிங் ஸ்பீடு நிமிஷத்துக்கு 25 மீட்டர்னு எடுத்துக்கிட்டா அத 1000ஆல பெருக்கி, பை (வட்டக் கணக்குல வர்ற 3.1416) இன்டு 8.5ஆல வகுத்தா கிட்டத்தட்ட 936 ஆர்பிஎம் வரும், மெஷின்ல அந்த ஸ்பீடு இருக்காது, அதுக்குக் கீழ பக்கத்துல இருக்கறத தேர்ந்தெடுக்கணும். கூலண்ட் கலக்கணும்னா ஒண்ணுக்கு இருபதுன்னா என்னன்னு தெரியணும். டிரில் பிட் முனை மழுங்கியிருந்தா அத ஸ்டோர்ல போய் சொல்லி மாத்தணும். கடைசில ரெக்கார்டு எழுதணும்.

பாத்தீங்களா, ஒரு ஓட்டைக்குள்ள கழித்தல், பெருக்கல், வகுத்தல், விகிதம், வாசிப்பு, பேச்சு எல்லாம் வந்துருச்சு. டிரேடுக்கு பத்து முக்கியமான ஜாபுக்கு இப்படி ஒரு பட்டியல் போட்டு வெச்சுட்டீங்கன்னா, எத சொல்லிக்குடுக்கணும் எத விடலாம்னு தெளிவாயிடும். முக்கோணவியல் எல்லாம் டேப்பர் டர்னிங் வரும்போது பாத்துக்கலாம், தசமப்புள்ளி மொத வாரமே வேணும்.

மொத வாரம் என்ன பண்ணணும்

ஒரு சின்ன சோதனை வைங்க, ஆனா அதுக்கு பரீட்சைன்னு பேர் வெக்காதீங்க, மார்க் போடாதீங்க, சுவத்துல ஒட்டாதீங்க. பத்து வருஷம் பள்ளிக்கூடத்துல அவமானப்பட்டுட்டு வந்த பையனுக்கு இன்னொரு மார்க் ஷீட் குடுத்தீங்கன்னா அன்னிக்கே மூடிக்குவான், அப்புறம் வருஷம் பூரா நீங்க தட்டினாலும் திறக்காது. ஒவ்வொருத்தரா பத்து நிமிஷம் பக்கத்துல ஒக்கார வெச்சு, ஷாப்ல இருக்கற சாமானையே வெச்சு பேசுங்க.

சுவத்துல இருக்கற பாதுகாப்பு போர்ட தமிழ்ல சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. ஒரு டின்னுலயோ பாக்கெட்டுலயோ இருக்கற இங்கிலீஷ் லேபிள்ல சைஸ் எங்க இருக்குன்னு விரல வெக்கச் சொல்லுங்க. 0.5, 0.05, 0.45 மூணையும் சின்னதுல இருந்து பெருசா அடுக்கச் சொல்லுங்க. அப்புறம் எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி ஒண்ணு: 300 மிமீ ராடு இருக்கு, 50 மிமீ துண்டா அறுக்கணும், ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு 2 மிமீ தின்னுடும், எத்தன முழு துண்டு கிடைக்கும்? 6ன்னு சொல்றவன் வகுத்தல் தெரிஞ்சவன், வேலைய மனசுல ஓட்டிப் பாக்காதவன். 5ன்னு சொல்லிட்டு மீதி 40 மிமீ இருக்கும் சார்ங்கறவன் கணக்க வேலையோட சேத்துப் பாக்கறான். ஒண்ணுமே சொல்லாம நிக்கறவன்கிட்ட கேள்விய நீங்க இன்னொரு தடவ மெதுவா வாயால சொல்லிப் பாருங்க, டக்குனு பதில் வந்தா அவனுக்கு கணக்குல பிரச்சனை இல்ல, நீங்க எழுதிக் குடுத்த கேள்விய வாசிக்கறதுலதான் பிரச்சனை. இந்த ஒரு வேறுபாட்ட கண்டுபிடிக்காம போனா மூணு மாசம் தப்பான மருந்து குடுத்துட்டு இருப்போம்.

அதோட வீட்ல, சொந்தத்துல யார் என்ன வேலை பாக்கறாங்கன்னு கேட்டு அவன் கையால மூணு வரி எழுத வைங்க. எழுத்தும் தெரியும், ஆளும் தெரியும். கொத்தனார் வீட்டுப் பையன், ஆசாரி வீட்டுப் பையன்னா அவனுக்கு இன்ச்சும் நூலும் ஏற்கனவே தெரியும். எட்டு நூல் ஒரு இன்ச்சு, மூணு நூல் கம்பின்னா எட்டுல மூணு பங்கு இன்ச்சு, 25.4ஆல பெருக்கினா 9.525 மிமீ, அதத்தான் இப்ப கடைல பத்து எம்எம் கம்பின்னு வாங்கறோம். பின்னம் வராதுன்னு சொன்ன பையன் அஞ்சு நூலுக்கு எவ்ளோன்னு அவனே போட்டு பாத்து 15.875, அப்ப பதினாறு எம்எம் சார்னு சொல்லுவான். அவன் கொண்டு வந்தத பிடிச்சுக்கிட்டு மேல ஏறுங்க, அது அவனுக்கு வெறும் கணக்கா தெரியாது.

இன்னொண்ணு, கண்ண சோதிச்சுடுங்க. வெர்னியர் கோடு தெரியாததுக்கு கண்ணாடி இல்லாததும் காரணமா இருக்கலாம், ஷாப்ல வெளிச்சம் பத்தாததும் காரணமா இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி செக் பண்ணாம ஒருத்தர மக்குன்னு முடிவு பண்றது பெரிய அநியாயம்.

தப்பு எங்க நடக்குதுன்னு பாக்கறது, வெர்னியர வெச்சு

இத கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா மொத்த முறையும் இதுலதான் இருக்கு. லீஸ்ட் கவுண்ட் (அதுல அளக்க முடியற ரொம்ப சின்ன அளவு) 0.02 மிமீ உள்ள சாதாரண வெர்னியர். ஒரு பீஸ நீங்க அளந்து வெச்சுக்கோங்க, 24.34 மிமீன்னு வெச்சுக்குவோம், அதாவது மெயின் ஸ்கேல்ல 24, வெர்னியர்ல பதினேழாவது கோடு ஒத்துப்போகுது. இப்ப அதே பீஸ பசங்ககிட்ட குடுத்தா விதவிதமா பதில் வரும்.

24.17ன்னு ஒருத்தன் சொல்லுவான். அவன் கோட்ட சரியா எண்ணிட்டான், ஆனா ஒரு கோட்டுக்கு என்ன மதிப்புங்கறத விட்டுட்டான். 23.34ன்னு ஒருத்தன், அவன் வெர்னியரோட ஜீரோ கோட்ட பாக்காம அந்த பிளேட்டோட ஓரத்த பாத்து மெயின் ஸ்கேல் வாசிச்சிருக்கான். 27.4ன்னு ஒருத்தன், அவன் பதினேழையும் 0.02வையும் பெருக்கி 3.4ன்னு போட்டு கூட்டியிருக்கான், அவனுக்கு வெர்னியர் நல்லாவே தெரியும், தசமப் பெருக்கல்தான் தெரியல. மூணு பேருக்கும் ரெக்கார்டுல "தப்பு"ன்னு ஒரே அடி விழும். ஆனா மூணு பேருக்கும் சொல்லித்தர வேண்டியது மூணு வேற விஷயம்.

அதனால பதில் தப்புன்னா உடனே திருத்தாதீங்க, "எப்படி வந்துச்சு, காட்டு"ன்னு கேளுங்க.

"மெயின் ஸ்கேல்ல எவ்ளோப்பா?"
"இருபத்தி நாலு சார்."
"வெர்னியர்ல எந்த கோடு ஒத்துப்போகுது?"
"பதினேழு சார்."
"சரி, ஒரு கோடுன்னா எவ்ளோ?"
"..."

அந்த மௌனம் எங்க விழுதோ அங்கதான் பாடம் ஆரம்பிக்கணும். மேல 24ம் 17ம் அவன் சரியா சொன்னத மொதல்ல சொல்லிடுங்க, "இது வரைக்கும் சரி"ன்னு ஒரு வார்த்த. அப்புறம் வெர்னியர்ல அச்சடிச்சிருக்கற எண்கள காட்டுங்க, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிருக்கும்ல, ஒவ்வொண்ணும் 0.1 மிமீ, நடுவுல அஞ்சு கட்டம். மூணு தாண்டி ரெண்டு கோடு, அப்ப 0.3 கூட 0.04, மொத்தம் 0.34. பெருக்கலே தேவையில்ல. பெருக்கல் அப்புறம் கத்துக்கட்டும், அன்னிக்கு அவன் கைல இருக்கற பீஸ சரியா அளந்துட்டு போகட்டும்.

தசமத்துல தடுமாறறவனுக்கு ஒரு வழி: 24.5 பெருசா 24.34 பெருசான்னு கேளுங்க, நிறைய பேர் 34 அஞ்ச விட பெருசுன்னு 24.34ன்னு சொல்லுவாங்க. ஃபீலர் கேஜ் (வேற வேற தடிமன்ல பிளேடுங்க இருக்கற கருவி) எடுத்து 0.50, 0.05 ரெண்டு பிளேடையும் விரல்ல கொடுத்து தடவ விடுங்க. ஒண்ணு தகடு, இன்னொண்ணு பேப்பர் மாதிரி வளையும். 0.5ன்னு எழுதறப்ப எல்லாம் பின்னாடி ஒரு ஜீரோ போட்டு 0.50ன்னு எழுதற பழக்கத்த கொண்டு வாங்க. பத்து நிமிஷம் தினமும், ஜாப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, ஒரு வாரம். போர்டுல தசமம் பத்தி ஒரு மணி நேரம் லெக்சர் குடுக்கறத விட இது நிக்கும். மைக்ரோமீட்டருக்கும் இதே வழிதான், அங்க பெரும்பாலும் ஸ்லீவ்ல (சுத்தாம நிக்கற குழாய்ப் பகுதில) கீழ இருக்கற அர மிமீ கோட்ட விட்டுடுவாங்க, 0.50 கொறஞ்சு வந்தா அதுதான்.

வாசிப்பு, எழுத்து, பேச்சு

வெல்டிங் ராடு பாக்கெட் ஒண்ணு எடுத்துக்கோங்க. மேல இ6013ன்னு இருக்கும், 3.15 மிமீன்னு சைஸ் இருக்கும், எத்தன ஆம்பியர்ல இருந்து எத்தன ஆம்பியர் வரைக்கும் வெக்கலாம்னு இருக்கும், ஏசியா டிசியான்னு இருக்கும். முழுசும் இங்கிலீஷ். இத மொழிபெயர்த்து சொல்லிடாதீங்க, தேடறதுக்கு சொல்லிக்குடுங்க. எண் எங்க இருக்கு, பக்கத்துல என்ன எழுத்து இருக்கு, 'ஏ'ன்னா ஆம்பியர், 'மிமீ'ன்னா சைஸ், ரெண்டு எண்ணுக்கு நடுவுல கோடு இருந்தா "இதுல இருந்து இது வரைக்கும்". அடுத்த நாள் வேற கம்பெனி பாக்கெட்ட குடுங்க, எல்லாம் எடம் மாறியிருக்கும், அதுலயும் கண்டுபிடிச்சா அவன் வாசிக்கக் கத்துக்கிட்டான்னு அர்த்தம். மொத பாக்கெட்ல மட்டும் சொன்னா அது மனப்பாடம்.

மெஷின் பக்கத்துல அடிக்கடி வர்ற வார்த்தைங்கள எழுதி ஒட்டுங்க, பட்டறைல சொல்றது, புத்தகத்துல இருக்கற தமிழ், லேபிள்ல வர்ற இங்கிலீஷ் மூணும் ஒரே வரில. சென்னை கிண்டில இருக்கற நிமி நிறுவனம் போடற டிரேடு புத்தகங்கள் தமிழ்லயும் வருது, அதுல இருந்து ஒரு பக்கத்த மட்டும் எடுத்து, அன்னிக்கு ஜாபுக்கு வேணுங்கற பத்திய பெஞ்ச்லயே வாசிக்க வைங்க. முழு பாடத்த வீட்ல படிச்சுட்டு வான்னு சொன்னா நடக்காது.

எழுத்துன்னு வரும்போது ரெக்கார்டு நோட்ட பத்தி சொல்லியே ஆகணும். சீனியர் நோட்ட பாத்து அப்படியே காப்பி அடிக்கறது எழுத்துப் பயிற்சி கிடையாது, அது கை வலி. அதுக்கு பதிலா ஜாப் முடிஞ்சதும் நாலு வரி, தமிழ்ல, அவன் சொந்த வார்த்தைல: என்ன செஞ்சேன், அளந்தப்ப என்ன வந்துச்சு, எங்க சிக்கல், நாளைக்கு என்ன பண்ணணும். எழுத்துப்பிழைக்கு செவப்பு மை வேண்டாம், எண்ணும் அலகும் தப்பா இருந்தா மட்டும் வட்டம் போடுங்க. 24.34ன்னு எழுதிட்டு மிமீ போடலன்னா அத கட்டாயம் திருத்தணும், கம்பெனில அதனாலதான் பீஸ் ஸ்கிராப் ஆகும்.

பேச்சுக்கு நான் பண்றது இது. ரெண்டு பேர ஜோடி சேத்து, ஒருத்தர் ஜாப பாதி வரைக்கும் செய்யணும், அப்புறம் அடுத்தவங்ககிட்ட வாயால மட்டும் சொல்லிட்டு நகந்துடணும், திரும்பி வந்து பாக்கக் கூடாது. வாங்கறவங்க கேள்வி கேக்கலாம். ஷிஃப்ட் மாத்தும்போது நெஜத்துல நடக்கறது இதுதான். முடிஞ்ச பீஸ அளந்தா சொன்னவங்க எத விட்டாங்க, கேட்டவங்க எத கேக்காம விட்டாங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிடும், நீங்க ஒண்ணும் சொல்லவே வேண்டாம். பேசவே கூச்சப்படற பொண்ணுங்க, பசங்க கூட இதுல வாய் திறப்பாங்க, ஏன்னா பேசலன்னா ஜாப் கெட்டுப்போகும்.

மதிப்பிடும்போது

நம்ம ஐடிஐ திட்டத்துல டிரேடு பிராக்டிகலுக்கும் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்டுக்கும் (பயிற்சி நடக்கும்போதே இன்ஸ்ட்ரக்டர் போடற மதிப்பீடு) 60 சதவீதம் எடுக்கணும், மத்த பாடங்களுக்கு 33 போதும். தியரி பரீட்சை கம்ப்யூட்டர்ல, நாலு பதில்ல ஒண்ண தேர்ந்தெடுக்கறது. அது வடிகட்டறதுக்கு சரி, ஆனா பையன் எங்க நின்னு போயிருக்கான்னு அதுல தெரியாது, குருட்டாம்போக்குல தட்டினதும் தெரிஞ்சு தட்டினதும் ஒரே மார்க்தான். அதனால அடிப்படைத் திறன் மதிப்பீட்டுக்கு உங்க கைல இருக்கற ஒரே நல்ல எடம் ஃபார்மேட்டிவ் அசெஸ்மென்ட்தான். அத வருஷக் கடைசில ஒக்காந்து மொத்தமா ரொப்பாதீங்க.

வேலை எவ்ளோ வாசிப்பு கேக்குதோ அதுக்கு மேல கேக்காதீங்க. ஃபைலிங் பத்தி ரெண்டு பக்கம் எழுதுன்னா அது ஃபைலிங்க சோதிக்கல, கட்டுரைய சோதிக்குது. வாயால கேட்டுக்கலாம், படம் வரையச் சொல்லலாம், செஞ்சு காட்டச் சொல்லலாம். ஆனா வாசிக்கறதே வேலையா இருக்கற எடத்துல இந்த சலுகை கூடாது. எலக்ட்ரீஷியன் பேனல்ல தொங்கற "ஆன் பண்ணாதே" டேக்க தானா வாசிக்கணும், யாரும் பக்கத்துல இருந்து வாசிச்சுக் காட்ட மாட்டாங்க. டிராயிங்ல டாலரன்ஸும் அப்படித்தான். இந்த ரெண்டுக்கும் நடுவுல கோடு போடறதுதான் மதிப்பிடறவரோட முக்கியமான வேலை. கற்றல் குறைபாடு இருக்கும்னு சந்தேகம் வந்தா, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல அதுவும் சேந்திருக்கு, முறையா பரிசோதனைக்கு அனுப்பி சான்றிதழ் வாங்க உதவி பண்ணுங்க, நீங்களா பேர் வெக்காதீங்க.

மார்க் மட்டும் போடாம, எந்த நெலமைல செஞ்சாங்கன்னும் எழுதுங்க. ஆஸ்திரேலிய சட்டகத்துல எனக்கு ரொம்ப உபயோகமா பட்டது இதுதான், அங்க ஒரு திறன பாக்கும்போது நாலு விஷயம் சேத்து பாக்கறாங்க: எவ்ளோ உதவி கிடைச்சுச்சு, சூழல் பழகினதா புதுசா, வாசிக்க வேண்டியது எவ்ளோ சிக்கல், செய்ய வேண்டியது எவ்ளோ சிக்கல். மொத நிலைன்னா பக்கத்துல ஆள் இருந்து எடுத்துக் குடுக்கணும், ரெண்டுன்னா கேட்டா உதவி கிடைக்கும், மூணுன்னா தனக்குப் பழகின சார்ட், நோட்ட வெச்சு தானாவே செய்யணும். இத அப்படியே நம்ம நோட்டுக்கு கொண்டு வரலாம். ஒரு ஆளுக்கு இப்படி எழுதினா போதும்:

"எம்10 டேப் டிரில் சைஸ்: சார்ட் பாத்து தானா கண்டுபிடிச்சார். எம்8க்கு மாத்தினப்ப பிட்ச் 1.25ன்னு சார்ட்ல எடுத்தார், கழித்தல்ல ஒரு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. ஆர்பிஎம்: ஃபார்முலா எழுதிக் குடுத்தா போடறார், கால்குலேட்டரோட. 1000ஆல பெருக்க மறந்துடறார்."

இத வாசிக்கற எந்த இன்ஸ்ட்ரக்டருக்கும் அடுத்து என்ன சொல்லிக்குடுக்கணும்னு தெரியும். "கணக்கு 55 மார்க்"னு இருந்தா என்ன தெரியும்?

ஒரு தடவ சரியா செஞ்சத வெச்சு முடிவு பண்ணாதீங்க, வேற நாள், வேற மெட்டீரியல், வேற அளவு, கொஞ்ச நாள் இடைவெளி விட்டு இன்னொரு தடவ பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவ பக்கத்து செக்‌ஷன் இன்ஸ்ட்ரக்டரோட ஒக்காந்து, ஒரே பையனோட வேலைய ரெண்டு பேரும் தனித்தனியா மதிப்பிட்டு ஒப்பிட்டு பாருங்க, பெருசா வித்தியாசம் வந்தா எதனாலன்னு பேசுங்க. முடிவ அன்னிக்கே அவங்களுக்கு சொல்லிடுங்க, தனியா, பீஸ கைல வெச்சுக்கிட்டு. ஒரு வாரம் கழிச்சு சொன்னா அந்த பீஸே அவனுக்கு ஞாபகம் இருக்காது.

நேரம் எங்க சார் இருக்குன்னு கேப்பீங்க. நாப்பது பேரோட வேலையவும் ஒரே வாரத்துல இப்படி மதிப்பிட முடியாதுதான். ஒரு நாளைக்கு மூணு பேர்னு வெச்சுக்கோங்க, மத்தவங்க ஜாப்ல இருக்கும்போது அந்த மூணு பேர்கிட்ட மட்டும் நின்னு "எப்படி வந்துச்சு, காட்டு"ன்னு கேட்டு ரெண்டு வரி எழுதிடுங்க. மூணு வாரத்துக்குள்ள ஒரு சுத்து முடிஞ்சிடும், அடுத்த சுத்துல மாற்றம் தெரியும். ரெண்டு வருஷ டிரேடுன்னா, மொத வருஷம் முடிஞ்சதும் இந்த நோட்ட அடுத்து எடுக்கறவர் கைல குடுத்துட்டு, யார் யார் எந்தப் படில இருக்காங்கன்னு ஒரு அர மணி நேரம் ஒக்காந்து பேசிடுங்க, அவர் மறுபடி மொதல்ல இருந்து தேட வேண்டியிருக்காது.